தொழில்முறை கேமரா பாடிக்கு மாறலாமா? இராமநாதபுரம் கடற்கரையில் படம் எடுப்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கேமரா பாடியை (லென்ஸ் நீங்கலான கேமராவை) மாற்றலாமா என்ற கேள்வி இந்தக் கடற்கரையில் பெரும்பாலும் இரண்டு சந்தர்ப்பங்களில்தான் எழுகிறது. ஒன்று, கீழக்கரையிலோ தங்கச்சிமடத்திலோ நடக்கும் கல்யாணத்தில் பக்கத்தில் நிற்பவர் தம்முடையதைவிடப் பெரிய பாடியைத் தோளில் மாட்டியிருப்பதைப் பார்க்கும்போது. மற்றொன்று, தனுஷ்கோடியில் பூநாரைக் கூட்டம் எழும்பிப் பறந்துபோன பிறகு திரையில் பெரிதாக்கிப் பார்த்து, ஒரு பறவையின் கண்கூட ஷார்ப்பாக இல்லை என்று தெரியவரும்போது. இரண்டுமே லட்சக்கணக்கில் செலவு செய்வது பற்றி முடிவெடுக்க ஏற்ற நேரங்கள் அல்ல. அந்த முடிவை வீட்டில் உட்கார்ந்து, பழைய படங்களையும் கணக்கு நோட்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எடுக்க வேண்டும் என்பதால், அதற்கான வழியைப் படிப்படியாக இங்கே தருகிறேன்.

முதலில், எதைத் தொழில்முறை பாடி என்கிறோம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத) வகையில் நிக்கான் இசட்9 (2021), இசட்8 (2023), கேனான் ஆர்5 மார்க் 2, ஆர்1 (இரண்டும் 2024), சோனி ஏ1 (2021) போன்றவையும், பழைய டிஎஸ்எல்ஆர் (உள்ளே கண்ணாடி உள்ள) வகையில் நிக்கான் டி5, டி850, டி500, கேனான் 5டி மார்க் 4 போன்றவையும் இந்த வரிசையில் வரும். நல்ல வெளிச்சத்தில், நல்ல லென்ஸ் மாட்டி, 24 மெகாபிக்சல் கொண்ட ஒரு சாதாரண கிராப் சென்சார் (35 மிமீ ஃபிலிம் அளவைவிடச் சிறிய சென்சார்) பாடியில் எடுத்த படத்தையும் இவற்றில் எடுத்த படத்தையும் 12க்கு 18 அங்குலத்தில் அச்சிட்டு அருகருகே வைத்தால், எது எதில் எடுத்தது என்று சொல்வது பெரும்பாலோருக்கு இயலாது. 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) அச்சில் அந்த அளவுக்குத் தேவைப்படுவது சுமார் 19 மெகாபிக்சல் மட்டுமே. ஆகவே கூடுதலாகக் கொடுக்கும் பணம் படத்தின் அழகுக்குப் போவதில்லை. வேகம், ஃபோகஸின் நம்பகத்தன்மை, இரண்டு மெமரி கார்டு, உறுதியான உடல், நீண்ட ஷட்டர் ஆயுள் ஆகியவற்றுக்கே போகிறது. இவற்றில் எது உங்களுக்கு இல்லாமல் நட்டமாகிறது என்பதைக் கண்டுபிடிப்பதுதான் இனி வரும் வேலை.

முதல் படி: கெட்டுப்போன படங்களைப் பிரித்துப் பாருங்கள்

எல்லோரும் நல்ல படங்களைத்தான் சேர்த்து வைப்போம். இந்த முடிவுக்கு வேண்டியவை ஒதுக்கிய படங்கள். கடந்த ஓராண்டில் எடுத்தவற்றில், கொடுத்திருக்க வேண்டியது, ஆனால் கொடுக்க முடியாமல் போனது என்று நீங்கள் வருந்துகிற படங்களை ஒரு தனி ஃபோல்டரில் சேருங்கள். சும்மா எடுத்தவை வேண்டாம். தாலி கட்டும் நொடி, நிக்காஹ் முடிந்து மாப்பிள்ளையை மாமனார் தழுவும் நொடி, தொண்டிப் பக்கத்துப் பாய்மரப் படகுப் போட்டியில் முதல் படகு எல்லையைத் தொடும் நொடி போன்று, திரும்ப வராதவையாக இருக்கட்டும்.

பிறகு ஒவ்வொரு படத்தின் தகவல்களையும் திறந்து ஷட்டர் வேகம், அப்பர்ச்சர் (லென்ஸில் வெளிச்சம் புகும் துளையின் அளவு; எஃப் எண் சிறிதானால் துளை பெரிது), ஐஎஸ்ஓ (ஒளிக்கான உணர்திறன் அளவு), லென்ஸின் மிமீ அளவு ஆகியவற்றைப் பாருங்கள். லைட்ரூமிலும், இலவசமாகக் கிடைக்கும் டிஜிகேமிலும் இது எளிது. படம் ஏன் கெட்டது என்று ஒரே ஒரு காரணத்தை எழுதுங்கள். ஆள் அசைந்து மங்கியிருந்தால் ஷட்டர் வேகம் போதவில்லை. அதற்குப் பெரும்பாலும் வெளிச்சமோ லென்ஸோதான் பொறுப்பு. நாய்ஸ் (படத்தில் பொடிப் பொடியாகத் தெரியும் புள்ளிகள்) அதிகம் என்றால் ஐஎஸ்ஓ எவ்வளவு, அப்பர்ச்சர் எவ்வளவு திறந்திருந்தது என்பதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஃபோகஸ் மூக்கிலோ பின்னால் நிற்பவர் மேலோ விழுந்திருந்தால், அது பாடியின் ஃபோகஸ் முறையாகவும் இருக்கலாம், நீங்கள் ஒற்றைப் புள்ளியைச் சரியாக வைக்காததாகவும் இருக்கலாம். தொடர்ந்து எடுக்கும்போது பஃபர் (படங்கள் கார்டுக்குப் போகும் முன் தங்கும் தற்காலிக நினைவகம்) நிரம்பிக் கேமரா நின்றுபோயிருந்தால் மட்டும், தயங்காமல் அதைப் பாடியின் கணக்கில் எழுதலாம்.

பாடியின் கணக்கில் விழுந்தவை பாதிக்கும் குறைவு என்றால், இந்த வழிகாட்டியின் அடுத்த படியோடு நிறுத்திக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

இரண்டாம் படி: லென்ஸா, பாடியா?

கேமராவோடு சேர்ந்து வரும் கிட் லென்ஸை முழுவதும் ஜூம் செய்தால் அதன் அப்பர்ச்சர் எஃப்/5.6க்குக் குறுகிவிடும். அதே இடத்தில் எஃப்/2.8 லென்ஸ் நான்கு மடங்கு வெளிச்சம் தரும். விலை குறைந்த 50 மிமீ எஃப்/1.8 லென்ஸ் ஏறத்தாழப் பத்து மடங்கு தரும். இரவு வரவேற்பில் எஃப்/5.6ல் ஐஎஸ்ஓ 12,800 தேவைப்படும் படம், எஃப்/2.8ல் 3,200லேயே முடிந்துவிடும். கிராப் சென்சாரிலிருந்து ஃபுல் பிரேமுக்கு (35 மிமீ ஃபிலிம் அளவு சென்சாருக்கு) மாறினால் கிடைக்கும் லாபமோ, அதே அப்பர்ச்சரில், சுமார் ஒரு ஸ்டாப்பும் (வெளிச்சம் இரு மடங்காவது ஒரு ஸ்டாப்) இன்னும் கொஞ்சமும்தான். அதாவது லென்ஸை மாற்றிக் கிடைப்பதில் பாதிக்குச் சற்று அதிகமானதைத்தான், பல மடங்கு செலவில், பாடியை மாற்றிப் பெறுகிறோம்.

பாம்பன் பாலத்தைப் படம் எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட, நடுப்பகுதி செங்குத்தாக உயரும் புதிய பாலம் ஓடிப்போகப் போவதில்லை. கனமான டிரைபாடும், கச்சான் காற்று வீசும் மாதங்களில் அதன் நடுவில் தொங்கவிட ஒரு பையும் இருந்தால், எந்தப் பாடியிலும் அந்தப் படம் வரும்.

மூன்றாம் படி: பறவைப் படம் எடுப்பவர்கள் போட வேண்டிய கணக்கு

இந்த மாவட்டத்தில் பறவைப் படத்துக்கு வரும் பலர் தவறாகச் செலவு செய்யும் இடம் இதுதான் என்பதால், சற்று விரிவாகவே பார்ப்போம்.

தனுஷ்கோடியின் கழிமுகப் பகுதி 2025ல் பெரும் பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், சக்கரக்கோட்டை, தேர்த்தங்கால் என்று கண்மாய்ச் சரணாலயங்களும் உள்ளே இருக்கின்றன. எங்கும் பறவைக்கும் நமக்கும் இடைவெளி அதிகம். நெருங்கினால் கூட்டமே எழும்பிவிடும், நெருங்கவும் கூடாது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளுக்கோ வனத்துறை அனுமதியில்லாமல் போகவே முடியாது.

1.3 மீட்டர் உயரமுள்ள ஒரு பூநாரை 150 மீட்டர் தூரத்தில் நிற்கிறது, உங்களிடம் 300 மிமீ லென்ஸ் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சென்சார் மேல் விழும் அதன் பிம்பத்தின் உயரம் எந்தப் பாடியிலும் 2.6 மிமீதான். இந்த 2.6 மிமீக்குள் எத்தனை பிக்சல் அடங்குகிறது என்பதுதான் கேள்வி. 24 மெகாபிக்சல் கிராப் சென்சாரில் ஒரு மிமீக்குச் சுமார் 256 பிக்சல் இருப்பதால், பறவையின் உயரம் ஏறத்தாழ 665 பிக்சலாகக் கிடைக்கும். அதையே 24 மெகாபிக்சல் ஃபுல் பிரேமில், அதாவது கேனான் ஆர்6 மார்க் 2 போன்ற ஒரு பாடியில் எடுத்தால் 430 பிக்சலுக்குக் குறுகிவிடும். 45 மெகாபிக்சல் உள்ள டி850லோ இசட்8லோ எடுத்தால்கூடச் சுமார் 600தான். பெரிய தொகை கொடுத்து ஃபுல் பிரேமுக்கு மாறியவர்கள், பழைய கேமராவிலேயே பறவை பெரிதாகத் தெரிந்ததே என்று குழம்புவது இதனால்தான். பெரிய சென்சார் கூடுதல் வெளிச்சத்தை வாங்கும் என்ற லாபமும், வெட்டி எடுத்த பிறகு பெரும்பாலும் மிஞ்சாது, ஏனெனில் வெட்டிப் போட்ட பகுதியோடு அந்த வெளிச்சமும் போய்விடுகிறது.

இதே கணக்கில் லென்ஸை 600 மிமீ ஆக்கினால், பழைய கிராப் பாடியிலேயே 1,300 பிக்சலுக்கு மேல் கிடைக்கும்.

ஆனாலும் பறவைக்குத் தொழில்முறை பாடி வீண் என்று சொல்லிவிட முடியாது. பறக்கும் ஆலாவையோ, தண்ணீரில் பாய்கிற மீன்கொத்தியையோ எடுப்பவருக்கு ஃபோகஸ்தான் உயிர். நொடிக்கு 3 படம், 9 ஃபோகஸ் புள்ளி என்று இருக்கும் கேனான் 1500டியிலிருந்து, நொடிக்கு 10 படம், 153 புள்ளி உள்ள நிக்கான் டி500 போன்ற பாடிக்கு மாறினால் வேறுபாடு முதல் நாளிலேயே தெரியும். அது கிராப் சென்சார் என்பதால் மேலே சொன்ன பிக்சல் கணக்கும் கெடாது. பறவையின் கண்ணைத் தானாகப் பிடித்துக்கொள்ளும் புதிய மிரர்லெஸ் பாடிகள் இதை இன்னும் எளிதாக்கிவிட்டன. உங்கள் ஒதுக்கிய படங்களில் பெரும்பாலானவை உட்கார்ந்திருக்கும் பறவைகளா, பறக்கும் பறவைகளா என்பதை முதல் படியில் சேர்த்த ஃபோல்டரே சொல்லிவிடும்.

(பெரிய லென்ஸோடு உச்சிப்புளிப் பக்கம் சுற்றுபவர்கள், அங்கே இருப்பது ஐஎன்எஸ் பருந்து கடற்படை விமானத் தளம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளவும்.)

நான்காம் படி: கல்யாண வேலை எடுப்பவர்களுக்கு

இங்கே என் தீர்ப்பு சற்று மாறுபடும். கல்யாணம் எடுப்பவருக்குத் தொழில்முறை பாடி தேவைப்படுவதற்கு முதன்மையான காரணம் இரண்டு கார்டு. ஒரே கார்டு போடும் பாடியில் அது செத்துப்போனால், அந்தக் குடும்பத்திடம் சொல்ல உங்களிடம் எந்தப் பதிலும் இருக்காது. ஆனால் இரண்டு கார்டு வசதி உச்ச விலைப் பாடிகளில் மட்டும் இருப்பதல்ல. நிக்கான் டி7200, கேனான் ஆர்6 மார்க் 2 போன்ற நடுத்தரப் பாடிகளிலும் உண்டு. இருந்தும், இரண்டாவது கார்டை நகல் எடுக்க வைக்காமல், முதல் கார்டு நிரம்பினால் தொடர்வதற்கு வைத்திருப்பவர்களை நிறையப் பார்க்கிறேன். அப்படி வைத்தால் இரண்டு கார்டு இருந்தும் பயனில்லை.

அடுத்தது ஷட்டர் ஆயுள். ஒரு கல்யாணத்துக்கு 3,000 படம், ஆண்டுக்கு 40 கல்யாணம் என்றால் ஆண்டுக்கு 1,20,000 முறை ஷட்டர் அடிக்கிறது. ஒரு லட்சம் முறைக்குச் சோதிக்கப்பட்ட தொடக்கநிலைப் பாடி, இந்த ஓட்டத்தில் ஒரே ஆண்டில் அதன் எல்லையைத் தாண்டிவிடும். டி850க்கு 2 லட்சம், டி5க்கு 4 லட்சம், கேனான் 1டி எக்ஸ் மார்க் 3க்கு 5 லட்சம் என்று அந்நிறுவனங்கள் சொல்கின்றன. இசட்9, இசட்8 பாடிகளில் இயந்திர ஷட்டரே கிடையாது என்பதால் இந்தக் கவலையும் இல்லை. ஆண்டுக்கு 10 கல்யாணம் மட்டும் எடுப்பவருக்கு இந்த வாதம் பொருந்தாது.

மூன்றாவது, மண்டபத்து எல்இடி விளக்கு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், மலிவான விளக்குகள் நொடிக்கு 100 முறை மங்கி எரிகின்றன. சென்சாரை மெதுவாகப் படிக்கும் பாடிகளில் மின்னணு ஷட்டரைப் போட்டால், மணமக்கள் முகத்தில் குறுக்கே கருப்புப் பட்டைகள் விழும். ஏர்வாடிச் சந்தனக்கூடு போன்ற விழாக்களின் சீரியல் விளக்குகளில் இது இன்னும் மோசம். இயந்திர ஷட்டருக்கு மாறி 1/100 அல்லது 1/50ல் எடுப்பதோ, பாடியில் உள்ள ஃபிளிக்கர் குறைக்கும் வசதியை இயக்குவதோ செலவில்லாத தீர்வு.

இவற்றையெல்லாம்விட, இந்த ஊருக்கென்று ஒரு செய்தி உண்டு. பாடி பழுதானால் மதுரைக்கோ சென்னைக்கோதான் அனுப்ப வேண்டும். அது திரும்பி வருவதற்குள் முகூர்த்தம் காத்திருக்காது. ஆகவே ஒரு உச்ச விலைப் பாடியைத் தனியாக வைத்திருப்பதைவிட, ஒரே லென்ஸ்களும் ஒரே பேட்டரியும் பொருந்துகிற இரண்டு நடுத்தரப் பாடிகளை வைத்திருப்பதே கடற்கரையில் வேலை செய்பவருக்கு அறிவான முதலீடு என்று உறுதியாகச் சொல்வேன். இரண்டு நடுத்தரப் பாடி ஏற்கெனவே கையில் இருக்கிறது, அவற்றால் முடியாத வேலைதான் வருகிறது என்னும்போது உச்சப் பாடியைப் பற்றி யோசிக்கலாம்.

ஐந்தாம் படி: உப்பையும் மணலையும் கணக்கில் சேருங்கள்

தொழில்முறை பாடிகள் தூசியும் ஈரமும் புகாதவாறு ரப்பர் அடைப்புகளோடு வருகின்றன என்பது உண்மை. கடல் காற்றுக்கு அது போதும் என்று நினைப்பதுதான் ஆபத்து. அடைப்பு என்பது மழைத் தூறலைத் தாங்குவதற்கு. உப்புத் தண்ணீர் உள்ளே போய்ப் பாடி கெட்டால் வாரண்டி பொதுவாகப் பொருந்தாது. லென்ஸிலும் அடைப்பு இருந்தால்தான் பாடியில் உள்ளதற்குப் பொருள் உண்டு என்பதையும் மறக்கக் கூடாது.

உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும் இயல்புடையது. அரிச்சல்முனையில் ஒரு மாலை நின்றுவிட்டு வந்து கேமராவை அப்படியே பையில் போட்டு மூடினால், உலர்ந்துவிட்டதாகத் தெரியும் பாடியின் மேல் படிந்த உப்பு இரவெல்லாம் வேலை செய்யும். ஃபிளாஷ் மாட்டும் இடத்தின் உலோகத் தகட்டில் வெள்ளையாகப் பூத்திருப்பதும், டிரைபாடு மாட்டும் திருகுத் துளையின் விளிம்பு கறுத்திருப்பதும் இதன் முதல் அடையாளங்கள். நல்ல தண்ணீரில் நனைத்து இறுக்கிப் பிழிந்த துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் மீண்டும் துடைக்க வேண்டும். ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதம் இருக்கும்படி டிரை கேபினெட்டிலோ, சிலிக்கா ஜெல் போட்டு மூடிய டப்பாவிலோ வைக்க வேண்டும். மணல் பறக்கும் இடத்தில் லென்ஸைக் கழற்றவே கூடாது. வண்டிக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு மாற்றுங்கள்.

டிரை கேபினெட்டின் விலையைப் பாடியின் விலையோடு சேர்த்தே எழுதுங்கள். அதற்கு இடமோ பணமோ இல்லையென்றால், விலையுயர்ந்த பாடியை இந்தக் கடற்கரைக்குக் கொண்டுவராமல் இருப்பது நல்லது. காரங்காட்டில் சதுப்புநிலக் காட்டுக்குள் படகில் போய் எடுப்பவர்கள், மழையுறையையும் சேர்த்து எழுதிக்கொள்ளலாம்.

ஆறாம் படி: பாடியோடு கூடவே வரும் செலவுகள்

கிராப் சென்சாருக்காகச் செய்த லென்ஸ்களை ஃபுல் பிரேம் பாடியில் முழுமையாகப் பயன்படுத்த முடியாது. கேனானின் இஎஃப்-எஸ் லென்ஸ்கள் ஃபுல் பிரேம் டிஎஸ்எல்ஆரில் பொருந்தவே பொருந்தாது. நிக்கான் டிஎக்ஸ் லென்ஸ்கள் பொருந்தும், ஆனால் 24 மெகாபிக்சல் பாடியில் படம் சுமார் 10 மெகாபிக்சலாகக் குறைந்துவிடும். மிரர்லெஸுக்குத் தாவினால் பழைய லென்ஸுக்கு அடாப்டர் வேண்டும். நிக்கானின் பழைய ஏஎஃப்-டி லென்ஸ்களில் நிக்கானின் சொந்த அடாப்டர் போட்டாலும் ஆட்டோஃபோகஸ் வேலை செய்யாது.

45 மெகாபிக்சல் ரா கோப்பு (கேமரா பதிவு செய்யும் மூலப் படம்) ஒன்று சுமார் 50 எம்பி என்றால், 3,000 படங்களுக்கு 150 ஜிபி. அதைப் பாதுகாப்புக்காக இரண்டு ஹார்டு டிஸ்க்கில் வைக்க வேண்டும். கணினி திணறினால் அதையும் மாற்ற வேண்டும். வேகமான சிஎஃப் எக்ஸ்பிரஸ் கார்டுகளின் விலை, சாதாரண எஸ்டி கார்டு வாங்கிப் பழகியவரைத் திடுக்கிட வைக்கும்.

ஏழாம் படி: வருமானத்தையும் மாதங்களையும் ஒப்பிடுங்கள்

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு. பாடியின் விலை 2,00,000 ரூபாய், நான்கு ஆண்டு கழித்து விற்றால் 80,000 ரூபாய் திரும்பும் என்று கொள்வோம். லென்ஸ், கார்டு, ஹார்டு டிஸ்க், கேபினெட் எல்லாம் சேர்ந்து 60,000. நான்கு ஆண்டில் 1,80,000 தேய்கிறது, ஆண்டுக்கு 45,000. ஆண்டுக்கு 30 கல்யாணம் என்றால் ஒன்றுக்கு 1,500 ரூபாய். உங்கள் ஊர் வாடிக்கையாளரிடம் ஒரு கல்யாணத்துக்கு 1,500 ரூபாய் கூட்டிக் கேட்க முடியுமா? நான் பார்த்த வரையில், கல்யாண வீட்டார் கேட்பது ஆல்பத்தில் எத்தனை பக்கம், கரிஸ்மா வகை ஆல்பமா இல்லையா, டிரோன் உண்டா, ரீல்ஸ் எப்போது கிடைக்கும் என்பவற்றைத்தான். பாடியின் பெயரைக் கேட்பவர்கள் மற்ற போட்டோகிராபர்கள் மட்டுமே.

மாதத் தவணையில் வாங்குபவர்கள் இந்தக் கடற்கரையின் நாட்காட்டியையும் பார்க்க வேண்டும். ஆடியிலும் மார்கழியிலும் இந்துக் கல்யாணம் இல்லை. ரமலானில் நிக்காஹ் அரிது. தவக்காலத்தில் கத்தோலிக்கத் தேவாலயங்களில் பொதுவாகக் கல்யாணம் நடப்பதில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகை நம்பியிருக்கும் குடும்பங்களிடம் பாக்கித் தொகையை வசூலிப்பதும் கடினம், கேட்பதும் நியாயமல்ல. தவணைக்கு இந்த மாதங்கள் எதுவும் தெரியாது. வேலை இல்லாத நான்கு மாதத் தவணையை முன்கூட்டியே எடுத்து வைக்க முடிகிறதா என்று பார்த்த பிறகே கையெழுத்திடுங்கள்.

கேமராவுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி. பதிவு செய்தவர்கள் அதை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம். பதிவு செய்யாத சிறிய ஸ்டுடியோவுக்கு அது முழுச் செலவுதான்.

எட்டாம் படி: வாடகைக்கு எடுத்துப் பார்த்து, பிறகு வாங்குங்கள்

மேலே உள்ள படிகளைத் தாண்டியும் பாடி தேவை என்று தோன்றினால், மதுரையில் அதே மாடலை வாடகைக்கு எடுத்து, ஓர் உண்மையான வேலையில் பயன்படுத்துங்கள். வீட்டு முற்றத்தில் பூவை எடுத்துப் பார்ப்பது சோதனையாகாது. பழைய பாடியையும் கூடவே வைத்துக்கொண்டு, முதல் படியில் கெட்டுப்போன அதே வகைப் படங்களை இரண்டிலும் எடுங்கள். முன்பு எவை கெட்டனவோ அவை புதியதிலும் கெட்டால், பாடியின் மேல் குற்றமில்லை.

கேனானும் நிக்கானும் மிரர்லெஸ் பக்கம் போய்விட்டதால், நல்ல நிலையில் உள்ள பழைய டிஎஸ்எல்ஆர்கள் இன்று மலிவாகக் கிடைக்கின்றன. பழையது வாங்கும்போது ஷட்டர் கவுண்ட் (ஷட்டர் இதுவரை எத்தனை முறை அடித்தது என்ற எண்ணிக்கை) மட்டும் பார்க்காதீர்கள். பேட்டரி அறையைத் திறந்து உலோக முனைகளில் பச்சையோ வெள்ளையோ பூத்திருக்கிறதா, அடிப்பக்கத் திருகுகள் துருப்பிடித்திருக்கின்றனவா, ரப்பர் பிடி தளர்ந்து எழும்பியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். கடலோரத்தில் ஓடிய பாடியில் குறைந்த கவுண்ட் இருந்தாலும் உள்ளே அரித்திருக்கலாம். புதியது என்றால் இந்திய வாரண்டி உள்ள பில்லோடு மட்டும் வாங்குங்கள். வெளிநாட்டிலிருந்து யாரோ கொண்டுவந்தது என்று குறைந்த விலைக்குக் கிடைப்பதைப் பழுது வந்தால் இங்கே சர்வீஸ் செய்வது பெரும்பாடு.

வாங்கிய பிறகு பழைய பாடியை விற்க அவசரப்பட வேண்டாம். விற்றுக் கிடைக்கும் தொகையைவிட, முகூர்த்த நேரத்தில் கைகொடுக்கும் இரண்டாவது பாடியாக அது அதிகம் பயன்படும். இரண்டையும் ஒரே கல்யாணத்துக்கு எடுத்துச் செல்லும் முன், இரண்டின் கடிகாரத்தையும் நொடி மாறாமல் ஒன்றாக வையுங்கள். இல்லையென்றால் ஆல்பத்துக்குப் படங்களை வரிசைப்படுத்தும்போது தாலி கட்டிய பிறகு மாப்பிள்ளை அழைப்பு வந்து நிற்கும்.